புரி பிரிந்ததா, இழை அறுந்ததா? கொலாஜன் தாளின் சேதத்தை எதைக் கொண்டு அளப்பது

போன சித்திரையில் என் பழைய மாணவி ஒருத்தி இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களோடு பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்தாள். இரண்டிலும் உப்புநீர், அதற்குள் வெள்ளையாக ஒரு தாள். தீக்காயத்துக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கு ஆறாமல் கிடக்கும் கால்புண்ணுக்கும் மேலே போர்த்துகிற தாள், தோலுக்கு வலுத் தரும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தால் ஆனது. மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தைக்கு வருகிற ஆடுகளின் தோலிலிருந்து அவளே பிரித்தெடுத்து, உறையவைத்து உலர்த்திச் செய்தவை. ஒரே முறை, ஒரே கை. ஆனால் உடல்சூட்டில் ஒரு நாள் ஊறியதும் ஒன்று வைத்தபடியே கிடந்தது. மற்றது இடுக்கி பட்டதும் பாலாடை மாதிரி கிழிந்து வந்தது.

"ரெண்டுக்கும் லேப் ரிப்போர்ட் ஒண்ணுபோலத்தான் இருக்கு சார். புரோட்டீன் அளவு சரி, ஹைட்ராக்ஸிபுரோலின் சரி. அப்புறம் எப்படி இப்படி?"

அவளோடு வந்திருந்தவர் அவள் தொழிலுக்குக் கைமுதல் போட்டிருக்கும் அண்ணாச்சி. தூத்துக்குடியில் மீன் வியாபாரம். ஆட்டுத்தோல் சரிப்பட்டு வந்தால் அடுத்து மீன்செதிலிலும் இறங்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பவர். "எனக்கு இந்தக் கெமிஸ்ட்ரி எல்லாம் பிடிபடாது சார். நல்ல தாளு எது, கெட்ட தாளு எதுன்னு காட்டுத மிசினு எதுன்னு மட்டும் சொல்லுங்க. ஒண்ணு வாங்கித் தாரேன்" என்றார்.

கேள்வி சின்னதுதான். ஆனால் கொலாஜன் சேதத்தை அளக்க ஏழெட்டு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறொரு சேதத்தைப் பார்க்கிறது. விலையும் ஆயிரத்திலிருந்து கோடி வரை போகிறது. அவர்கள் இருவருக்கும் நான் சொன்னதை, இதே முடிவை எடுக்க வேண்டியிருக்கும் மற்ற சின்ன ஆய்வுக்கூடங்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

அறிக்கை எங்கே ஏமாற்றியது

ஹைட்ராக்ஸிபுரோலின் என்பது கொலாஜனுக்கு ஏறக்குறைய உரித்தான அமினோ அமிலம். பாலூட்டிகளின் கொலாஜன் எடையில் எட்டில் ஒரு பங்கு அளவுக்கு அது இருக்கும். ஆகவே அதை அளந்தால் கொலாஜன் எவ்வளவு என்று தெரியும். எவ்வளவு என்றுதான் தெரியும். எந்த நிலையில் என்று தெரியாது. ஆட்டுக்கால் பாயா வைத்துவிட்டு மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் கட்டியாக உறைந்திருக்கிறதே, அதிலும் அதே ஹைட்ராக்ஸிபுரோலின்தான், அதே அளவில். கொலாஜன் வெந்தால் ஜெலட்டின். அணுக்கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் முழுவதும் முறுக்கில் இருக்கிறது.

அந்த முறுக்கைக் கண்டு சொன்னது நம் சென்னையில். 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், கொலாஜன் மூன்று இழை சேர்ந்த சுருள் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடம்தோறும் கிளைசின். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அதுதான். மூன்று இழையும் நெருங்கும் நடுவில் வேறெதற்கும் இடமில்லை. சுமார் 300 நானோமீட்டர் நீளம், ஒன்றரை நானோமீட்டர் தடிமன். பக்கத்திலிருக்கும் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்குக்கு முப்புரி என்ற பொருளில் 'டிரிப்பிள் ஹீலிக்ஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே போகும்போதெல்லாம் அந்தப் பெயர்ப்பலகை முன்னால் ஒரு நிமிடம் நிற்காமல் என்னால் நகர முடிவதில்லை.

இந்த முறுக்கு இருந்தால் என்ன, போனால் என்ன? உடம்புக்கு அது பெரிய விஷயம். நம் செல்கள் கொலாஜனைப் பற்றிக்கொள்ளும் சில பிடிகள் முப்புரி குலையாமல் இருந்தால் மட்டுமே வேலை செய்யும். ரத்தத்தட்டுகள் கொலாஜனை அடையாளம் கண்டு உறைய ஆரம்பிப்பதும் அப்படித்தான். முறுக்கு பிரிந்துவிட்டால் இந்தப் பிடிகள் மறைகின்றன. உள்ளே ஒளிந்திருந்த வேறு பிடிகள் வெளியே வருகின்றன. ஜெலட்டினைத் தின்னும் நொதிகள் அதைச் சீக்கிரம் கரைத்துவிடுகின்றன. பத்து நாள் நிற்க வேண்டிய தாள் இரண்டு நாளில் வழிந்துபோனால், அந்தப் புண்ணுக்குக் காசு செலவழித்த குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். என் கவலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மூன்று விதச் சேதம்

அண்ணாச்சிக்கு நான் கயிற்றை வைத்துத்தான் விளக்கினேன். அவர் வீட்டுத் திண்ணையில் இன்னும் பனைநார்க் கட்டில் கிடக்கிறது. முப்புரியாகத் திரித்த கயிறு மூன்று விதமாகக் கெடலாம். ஒன்று, இழை எதுவும் அறாமல் முறுக்கு மட்டும் பிரிந்துபோவது. இரண்டு, முறுக்கு அப்படியே இருக்க, உள்ளே ஒரு புரி ஆங்காங்கே அறுந்துபோவது. மூன்று, பக்கத்துப் பக்கத்துக் கயிறுகள் பிசின் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. மூன்றாவது சில சமயம் நாமே வேண்டுமென்று செய்வது. குளூட்டரால்டிஹைடு போன்றவற்றால் இழைகளைக் குறுக்கே பின்னித்தான் தாளைப் பலப்படுத்துகிறோம். ஆனால் அளவு மீறினாலோ, கெட்டுப்போன சரக்கை மூடிமறைக்கப் பின்னினாலோ அதுவும் சேதம்தான்.

எந்த வேலை எந்தச் சேதத்தைத் தருகிறது என்பது ஓரளவு தெரிந்த விஷயம். சூடு முறுக்கைப் பிரிக்கும். செல்களை நீக்கப் பயன்படும் எஸ்.டி.எஸ். என்ற கடுமையான சோப்பும் முறுக்கைப் பிரிக்கும். மயிர் கழற்றச் சுண்ணாம்பில் அதிக நாள் ஊறப்போட்டால் இழை அரிபடும். உலர்ந்த தாளைக் கிருமிநீக்கத்துக்காகக் காமா கதிரில் காட்டினால் இழை அறும். வழக்கமான அளவு 25 கிலோகிரே. ஆட்டோகிளேவின் 121 டிகிரி நீராவியில் வைத்தால் பாயாதான். ஃபுளூரின் ஏறிய ஆல்கஹால்களில் கரைத்து மின்புலத்தில் நானோநூலாக இழுத்தால் முறுக்கு பெருமளவு போய்விடுகிறது. அதிக விலை கொடுத்து ஜெலட்டின் செய்கிறோமோ என்று ஆய்வாளர்கள் 2008-லேயே கேட்டுவிட்டார்கள்.

ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, என் தாளில் எந்தச் சேதத்தை நான் சந்தேகிக்கிறேன் என்பது. இதைக் கேட்காமல் கருவி வாங்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும். அழகான வரைபடங்கள் வைத்திருப்பார்கள். எந்தத் தொகுதிச் சரக்கை ஒதுக்க வேண்டும் என்று மட்டும் தெரியாது.

சுருங்கும் சூடு: தோல் பதனிடுவோரின் பழைய சோதனை

காசு அதிகம் தேவைப்படாத வழியிலிருந்து தொடங்குகிறேன். தாளிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, அடியில் சிறு எடை கட்டி, நீரில் தொங்கவிட்டு, நிமிடத்துக்கு இரண்டு டிகிரி வீதம் சூடேற்ற வேண்டும். ஒரு கட்டத்தில் பட்டை சட்டென்று சுருங்கும். அந்த டிகிரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். பச்சைத் தோல் 60 முதல் 65 டிகிரியில் சுருங்கும். குரோமியத்தில் பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும். தோல் ஷாப்புக்காரர்கள் இதைத் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். பீக்கரும் தெர்மாமீட்டரும் போதும்.

சேதமான தாள் முன்னதாகச் சுருங்கும், அது உண்மை. ஆனால் நூற்றில் எத்தனை பங்கு சேதம் என்று இது சொல்லாது. குறுக்குப் பின்னல் போட்டால் சுருங்கும் சூடு ஏறிவிடும், உள்ளே பாதி பிரிந்துகிடந்தாலும். எனவே பின்னலிடுவதற்கு முன்னுள்ள சரக்குக்கு மட்டும் வாசலில் நிற்கும் காவலாளாக இதை வைத்துக்கொள்ளலாம். தினமும் செய்யலாம், யாரும் கற்றுக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய பலம்.

டி.எஸ்.சி.: எல்லாரும் முதலில் கேட்பது

அண்ணாச்சி யாரிடமோ விசாரித்து வந்த பெயர் இதுதான். சில மில்லிகிராம் ஈரத்தாளைச் சின்ன உலோகத் தட்டில் அடைத்து, மெல்லச் சூடேற்றி, முப்புரி உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் கருவி. இரண்டு எண்கள் கிடைக்கும்: எந்த டிகிரியில் உருகியது, உருக எவ்வளவு வெப்பம் வாங்கியது.

பலர் முதல் எண்ணையே பார்க்கிறார்கள். நான் இரண்டாவதைப் பார்க்கச் சொல்வேன். முதல் எண் பின்னலால் ஏறும், உலர்ந்தால் ஏறும், சூட்டை வேகமாக ஏற்றினாலும் ஏறும். 2002-ல் லெய்கினா குழுவினர் இதை ஆணித்தரமாகக் காட்டினார்கள்: மனிதக் கொலாஜனைக் கரைசலில் வைத்து மிக மெதுவாகச் சூடேற்றினால் அது உடல்சூட்டிலேயே குலைய ஆரம்பிக்கிறது. நாம் எழுதிவைத்திருக்கும் 'உருகுநிலை' நாம் எவ்வளவு அவசரப்பட்டோம் என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. இரண்டாவது எண், அதாவது உறிஞ்சிய வெப்பம், இன்னும் எவ்வளவு முறுக்கு மிச்சமிருக்கிறது என்பதோடு நேராகத் தொடர்புடையது. ஏற்கெனவே பிரிந்துபோன பங்கு மறுபடி உருக முடியாதல்லவா? நல்ல தாளில் 100 என்றால் கெட்ட தாளில் 70 வரும். சில வேளை வரைபடத்தில் 30, 40 டிகிரியை ஒட்டி இன்னொரு சின்ன மேடு எழும்; பிரிந்த இழைகள் குளிர்ந்தபோது அரைகுறையாகத் திரும்பச் சுற்றிக்கொண்டதன் தடம் அது. அந்தச் சின்ன மேட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமே இருக்காது, இந்தச் சரக்கு எங்கோ ஒரு இடத்தில் வெந்திருக்கிறது.

குறை என்னவென்றால், ஈரத்தின் அளவு சற்று மாறினாலும் வெப்பக் கணக்கு ஆடும். ஒரே தாளின் மூன்று துண்டுகளில் மூன்று விடை வரும். ஐந்து சதவீதச் சேதத்தை இதனால் உறுதியாகப் பிடிக்க முடியாது. விலையோ பல லட்சம். இந்தக் கருவியைச் சொந்தமாக வாங்குவது ஒரு சின்னத் தொழிலுக்குத் தேவையில்லை என்பது என் முடிவு. கருவி உள்ள பல்கலைக்கழகத்திலோ தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலோ கட்டணம் கட்டி, தொகுதிக்கு ஒன்றாக இல்லாமல், முறையை மாற்றும்போது மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

நொதியைக் கொண்டு கேட்பது

என் மனதுக்கு நெருக்கமான வழி இது. எளிமையானது, ஆனால் அறிவு கூர்மையாக வேலை செய்திருக்கிறது.

ட்ரிப்சின், கைமோட்ரிப்சின் என்ற நொதிகள் நம் சிறுகுடலில் புரதத்தைச் செரிக்கிறவை. அவற்றால் முறுக்கு குலையாத கொலாஜனை வெட்ட முடியாது. இழைகள் ஒன்றையொன்று காத்துக்கொள்கின்றன. பிரிந்த இழை கிடைத்தால் துண்டுதுண்டாக்கிவிடும். இந்தக் குணத்தை வைத்து முப்புரி இருக்கிறதா என்று சோதிக்கலாம் என்பதைப் புரூக்னரும் பிராக்கப்பும் 1981-ல் எழுதினார்கள். 1997-ல் ரூட் பேங்க் குழுவினர் குருத்தெலும்பில் எவ்வளவு கொலாஜன் கெட்டிருக்கிறது என்று கணக்கிட இதையே எளிய முறையாக ஆக்கினார்கள்.

செய்முறை இப்படி: தாளின் துண்டைக் கைமோட்ரிப்சின் கரைசலில் இரவு முழுக்க ஊறவைப்பது. காலையில் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் தெளிநீரைத் தனியாகவும் அடியில் தங்கியதைத் தனியாகவும் எடுப்பது. இரண்டையும் அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 டிகிரியில் ஒரு நாள் வேகவைத்து அமினோ அமிலங்களாக உடைப்பது. பிறகு குளோரமின்-டி, எர்லிக் கரைசல் இரண்டையும் சேர்த்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். அதை 550 முதல் 560 நானோமீட்டருக்குள் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் படிப்பது. தெளிநீரில் இருக்கும் ஹைட்ராக்ஸிபுரோலின் கெட்ட பங்கு. அடியில் இருப்பது நல்ல பங்கு. கணக்குக்காக, ஒரு துண்டில் மொத்தம் 1.2 மில்லிகிராம், அதில் 0.18 தெளிநீரில் என்றால், நூற்றுக்குப் பதினைந்து பங்கு பிரிந்திருக்கிறது. நொதியில் ஹைட்ராக்ஸிபுரோலின் இல்லை என்பதால் அது கணக்கைக் குழப்பாது.

அவள் அறிக்கையில் ஏமாற்றிய அதே அமினோ அமிலம்தான். எதைக் கரைத்த பிறகு அளக்கிறோம் என்பதை மாற்றியதும் பேச ஆரம்பிக்கிறது.

இதில் சறுக்கும் இடங்களும் உண்டு, நானே சறுக்கியவன். முதலாவது சூடு. புத்தகத்து முறை 37 டிகிரியில் ஊறவைக்கச் சொல்லும். ஆட்டுத்தோலின் நார்க்கற்றைக்கு அது சரி. மீன்செதில் கொலாஜனுக்குச் சரியில்லை. மீன் எந்த நீரில் வாழ்கிறதோ அந்தச் சூட்டுக்கு ஏற்பத்தான் அதன் முப்புரி கட்டப்பட்டிருக்கிறது. குளிர்கடல் காட் மீனின் கொலாஜன் கரைசலில் 15 டிகிரி அளவிலேயே குலைந்துவிடும். நம் பக்கத்து வெப்பநீர் மீன்களின் கொலாஜன் ஏறத்தாழ 30 டிகிரியை ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் தாங்கும். 37-ல் ஊறவைத்தால் நல்ல மீன் கொலாஜனையும் நாமே வேகவைத்து, "முழுக்கச் சேதம்" என்று எழுதிவிடுவோம். பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவரின் நல்ல சரக்கை இப்படித்தான் குப்பையில் போடச் சொன்னேன். இன்றும் அது உறுத்துகிறது. மீனுக்கு 15, 20 டிகிரியில் ஊறவைத்து நேரத்தைக் கூட்ட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் 38, 39 அடிக்கும் நம் ஊரில், சூடேற்ற மட்டும் தெரிந்த வாட்டர் பாத் இதற்கு உதவாது. குளிர்விக்கவும் தெரிந்தது வேண்டும்.

இரண்டாவது, பின்னல். நன்றாகப் பின்னிய தாளில் பிரிந்த இழையை நொதி வெட்டினாலும் துண்டுகள் முடிச்சில் மாட்டிக்கொண்டு தெளிநீருக்கு வராது. சேதம் குறைத்துக் காட்டப்படும். ஆகவே பின்னலிடும் முன்னே ஒரு துண்டை எடுத்துவைத்து அதில் செய்வது நல்லது. மூன்றாவது இதற்கு நேர்மாறு: பின்னலே இல்லாத கொலாஜன் சில சமயம் வெட்டுப்படாமல் முழுசாகவே கரைந்து தெளிநீருக்கு வந்துவிடும். நொதி சேர்க்காத ஒரு குப்பியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். சந்தேகம் இருந்தால் தெளிநீரை, அடுத்துச் சொல்லப்போகும் ஜெல்லில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நான்காவதைச் சொல்லாமல் விட முடியாது: இந்தச் சோதனை அறுந்த இழையைப் பார்க்காது. முறுக்குக்குள் ஒரு புரி அறுந்திருந்தாலும் முறுக்கு நிற்கும் வரை நொதி உள்ளே நுழையாது.

ஜெல்: அறுந்ததைக் காட்டுவது

அதற்குத்தான் ஜெல். சரக்கைச் சோப்பில் வேகவைத்து ஜெல்லில் மின்சாரம் விட்டு ஓட்டினால் இழைகள் நீளவாரியாகப் பிரியும்; நல்ல கொலாஜன் இரண்டு ஆல்ஃபா பட்டைகளாகவும் மேலே ஒரு பீட்டா பட்டையாகவும் நிற்கும். இழை அறுந்திருந்தால் பட்டைகள் மங்கி, கீழே மை இழுவியது போல நீளும். காமா கதிர் பட்ட தாளுக்கு இதைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் ஜெல்லில் ஏற்றும் முன் நாமே வேகவைப்பதால் முறுக்கு பிரிந்த சரக்கும் பிரியாத சரக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். பக்குவமாகக் காய்ச்சிய ஜெலட்டினும் இதில் நல்ல பிள்ளையாக வந்து நிற்கும்.

நொதியும் ஜெல்லும் எதிரெதிர்க் குருடுகள். ஒன்று பார்க்காததை மற்றது பார்க்கும். இரண்டையும் சேர்த்தால் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தின் செலவுக்குள் பெரும்பாலான கேள்விகள் முடிந்துவிடுகின்றன.

ஒளியைக் கொண்டு பார்ப்பவை

எந்த அகச்சிவப்பு ஒளியைச் சரக்கு உறிஞ்சுகிறது என்று பார்க்கும் எஃப்.டி.ஐ.ஆர். கருவி பல கல்லூரிகளில் இருப்பதால் பலரும் அதை வைத்தே கட்டுரை எழுதிவிடுகிறார்கள். 1235, 1450 என்ற இரண்டு அலையெண்களில் உள்ள உயரங்களின் விகிதம் ஒன்றை ஒட்டி இருந்தால் முப்புரி இருக்கிறது; 0.6 பக்கம் இறங்கினால் ஜெலட்டின். முழுக்க நல்லது, முழுக்கக் கெட்டது என்ற இரண்டுக்கும் இது போதும். நமக்கு வேண்டியது இடையில் உள்ளது. பத்துப் பதினைந்து சதவீதச் சேதம் இந்த விகிதத்தில் எளிதில் மறைந்துகொள்ளும்.

சி.டி. என்ற வட்ட ஒளித் திரிபுமானி 221 நானோமீட்டரில் ஒரு சின்ன மேடும் 198-ஐ ஒட்டி ஆழமான பள்ளமும் காட்டும். முறுக்கு போனால் மேடு போய்விடும். கரைசலுக்கு அருமையான கருவி. தாளைக் கரைக்க முடியாதே! பிரித்தெடுக்கும் கட்டத்தில் மட்டும் கைகொடுக்கும். லேசர் நுண்ணோக்கியில் முப்புரி நார்கள் தாமாக ஒளிவிடுவதைப் பார்க்கும் முறையும் உண்டு, பார்க்கக் கண் கொள்ளாது. அதன் விலையில் அண்ணாச்சி ஒரு விசைப்படகே வாங்கலாம்.

கொலாஜினேஸ் நொதியில் எத்தனை மணி நேரத்தில் கரைகிறது என்று பார்ப்பதைச் சேதச் சோதனையாக எழுதுகிறார்கள், அது தவறு. அந்த நொதி நல்லதையும் வெட்டும், கெட்டதையும் வெட்டும். தாள் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு ஒரு குறிப்பு, அவ்வளவே.

இணைசேரும் பெப்டைடு

கடைசியாக வந்ததும் இப்போது அதிகம் பேசப்படுவதும் இதுதான். யூட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் யூ குழுவினர் உருவாக்கியது. கிளைசின், புரோலின், ஹைட்ராக்ஸிபுரோலின் மூன்றும் திரும்பத் திரும்ப வரும் ஒரு குட்டி இழையை, அதாவது பெப்டைடைச் செய்து, அதில் ஒளிரும் சாயத்தைக் கட்டிவிடுகிறார்கள். துணை இழந்து தனியே கிடக்கும் கொலாஜன் இழையைக் கண்டால் இது போய் அதோடு முறுக்கிக்கொள்ளும். முறுக்கு குலையாத கொலாஜனில் அதற்கு இடமே கிடைக்காது. எங்கே ஒளிர்கிறதோ அங்கே சேதம்.

இதன் அழகு 'எங்கே' என்பதில் இருக்கிறது. மற்ற முறைகளில் பெரும்பாலானவை துண்டை அரைத்து ஒரே எண்ணாக்கிவிடும். இது தாளின் ஓரம் கெட்டதா, நடு கெட்டதா, மேற்பரப்பு மட்டும் கருகியதா என்று நுண்ணோக்கியில் காட்டும். 2017-ல் இதைக் கொண்டு இரண்டு நல்ல வேலைகள் வெளிவந்தன. ஒன்றில், தசைநாரை அளவுக்கு மேல் இழுக்கும்போது முப்புரி பிரிவதைக் காட்டினார்கள். மற்றதில், செல் நீக்கிய திசுக்களில் எஸ்.டி.எஸ். சோப்பு கொலாஜனைக் குலைக்கிறது, டிரைட்டான் எக்ஸ்-100 என்ற மென்மையான சோப்பு அப்படிக் குலைக்கவில்லை என்று எண்ணிக்கையோடு சொன்னார்கள். எந்தச் சோப்பை வாங்குவது என்ற அன்றாட முடிவுக்கு இவ்வளவு நேரான விடை தரும் ஆய்வு அபூர்வம்.

பயன்படுத்தக் கை பழக வேண்டும். குட்டி இழைகள் தங்களுக்குள்ளேயே முறுக்கிக்கொள்ளும் குணம் உள்ளவை. 80 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்துப் பிரித்து, உடனே பனிநீரில் குளிர்வித்து, அவை மறுபடி சேரும் முன்னே தாளில் ஊற்றி, 4 டிகிரியில் இரவெல்லாம் விட வேண்டும். நொதியைப் போல 37 டிகிரி தேவையில்லை என்பதால் மீன் கொலாஜனுக்கு இது இயல்பாகவே பொருந்துகிறது. அறுந்தும் முறுக்கு குலையாத இழையை இதுவும் பார்க்காது. பெப்டைடு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், மில்லிகிராம் கணக்கில் விலை. தொகுதிதோறும் செய்தால் தாளின் விலை ஏழைக்கு எட்டாமல் போய்விடும். முறையில் எங்கே ஓட்டை என்று தேடும்போது ஒருமுறை, இருமுறை வாங்கிப் பயன்படுத்துவதே சரி.

அந்த இரண்டு தாள்கள்

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணாச்சி, "அப்ப முதல்ல இந்த ரெண்டு தாள்ல பாத்துருவோமே சார்" என்றார். அவர் சொன்னது சரி. பின்னலிடும் முன் வெட்டிய துண்டுகளை அவள் தேதி போட்டு எடுத்துவைத்திருந்தாள். அந்தப் பழக்கத்துக்காகவே அவளை நான் மெச்சுகிறேன்.

ஒரு காரியத்தை முதலில் செய்யச் சொன்னேன்: நல்ல தாளின் ஒரு துண்டை 80 டிகிரி நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, அதையும் சோதனையில் சேர்ப்பது. 'முழுச் சேதம்' என்றால் நம் கையில் எப்படித் தெரியும் என்பதற்கு அதுவே அளவுகோல். அது இல்லாத சேதக் கணக்கை நான் நம்புவதில்லை.

நொதிச் சோதனையில் நல்ல தாளின் தெளிநீரில் நிறம் கண்ணுக்கே தெரியாத அளவு. கிழிந்த தாளின் தெளிநீர் நன்றாகச் சிவந்தது. வேகவைத்த துண்டின் அளவுக்கு இல்லை என்றாலும் ஐயத்துக்கு இடமில்லாமல். நொதி சேர்க்காத குப்பிகள் இரண்டும் ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தன. முறுக்கு பிரிந்திருக்கிறது. அடுத்து, நொதியில் ஊறாத துண்டுகளை ஜெல்லில் ஓட்டினோம். இரண்டு தாள்களிலும் ஆல்ஃபா பட்டைகள் ஒன்றுபோலத் தெளிவாக நின்றன, கீழே இழுவல் இல்லை. இழை அறவில்லை. அப்படியானால் சுண்ணாம்பில் அதிகம் ஊறியது காரணமில்லை. கதிர் காரணமில்லை, இவள் கதிரே காட்டவில்லை. சோப்பு இந்த முறையில் இல்லை. மிச்சம் சூடு ஒன்றுதான்.

பதிவேட்டைப் புரட்டினோம். கொலாஜனை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து 4 டிகிரியில் மூன்று நாள் வைக்க வேண்டும். அமிலத்தில் கரைந்திருக்கும்போதுதான் அது மிகவும் மெலிந்த நிலையில் இருக்கிறது. தோலில் 60 டிகிரி தாங்கியது, தனித்தனியாகக் கரைந்ததும் 40-ஐக்கூடத் தாங்காது, அமிலத்தில் இன்னும் சில டிகிரி குறையும். அந்தத் தொகுதியின் இரண்டாம் நாள் பக்கத்தில் அவள் கையெழுத்து: "மதியம் 12 முதல் 5 வரை கரண்ட் இல்லை. குளிர்பெட்டி அணைந்தது." சித்திரை மாதம், தகரக்கூரை போட்ட அறை. கரைசல் கெட்டியாகத்தான் இருந்தது, நிறம் மாறவில்லை, நாற்றம் இல்லை. அதனால் தொடர்ந்து செய்துவிட்டாள்.

வாங்க வேண்டியவை என்று நான் எழுதிக் கொடுத்த சீட்டில் இருந்தவை: குளிர்விக்கவும் செய்கிற வாட்டர் பாத் ஒன்று, ஒரு நல்ல ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், கைமோட்ரிப்சின், ஜெல் தொட்டி. டி.எஸ்.சி.க்கு வருடத்தில் இரண்டு மூன்று முறை வெளியே கட்டணம். பெப்டைடு, மீன்செதில் வேலை தொடங்கும்போது ஒருமுறை.

அண்ணாச்சி சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பதிவேட்டின் அந்தப் பக்கத்தை மறுபடியும் ஒருமுறை படித்தார். பிறகு என் பேனாவை வாங்கி, சீட்டின் மேலே, முதல் வரிக்கும் முன்னால், தன் கையால் 'ஜெனரேட்டர்' என்று எழுதினார்.